நீரோடியில் ஒரு படகு அறை: மாதிரிகளை ஒட்டுவதா, கட்டுவதா?

கேள்வி: நீரோடி மகள்

எல்லாருக்கும் வணக்கம். நான் நீரோடிக்காரி. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மேற்கே முடிகிற ஊர் எங்களுடையது. கரையோடு நடந்தால் அடுத்தது பொழியூர், அது கேரளம். 1956இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. என் அம்மா பிறந்த வீடு பொழியூரில்தான். மூத்த அக்காவைக் கட்டிக் கொடுத்ததும் அங்கேதான்.

எங்கள் தேவாலயப் பங்கு நூலகத்தின் மாடியில் 20 அடிக்கு 14 அடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. சாயங்காலம் நூலகத்தைத் திறந்து மூடுவது என் வேலை. அந்த அறையைச் சின்ன படகு அருங்காட்சியகமாக ஆக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டேன், சரி என்றார்கள். இந்த ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். கட்டுமரம் வரையச் சொன்னால், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு அடிவயிறும் உயரமான பாயும் உள்ள வெள்ளை உல்லாசப் படகு ஒன்றை வரைந்து நீட்டினான். போனில் ஆங்கிலத்தில் தேடினானாம், அதுதான் வந்ததாம். அவனுடைய தாத்தா கட்டுமரத்தில் போனவர். அவர் வீட்டு முற்றத்தில் இன்றைக்கும் இரண்டு மரம் கிடக்கிறது, உட்காருவதற்கு. அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆறு மாதம் பணம் சேர்த்து முதலில் இரண்டு மாதிரிகள் வாங்கினோம். நகரத்தில் ஒரு கைவினைக் கடை, பெயர் வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து 9,000 ரூபாய். ஒன்று வள்ளம், இன்னொன்று கட்டுமரம். கட்டுமரம் பளபளவென்று வார்னிஷ் அடித்து வந்தது. ஒரே பருமனில் ஐந்து உருட்டுக் கம்புகளைப் பாய் மாதிரி அடுக்கிப் பசை போட்டு ஒட்டி, மேலே அழகுக்குப் பொன்நிற நூலைச் சுற்றியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 74. நாற்பது வருஷத்துக்கு மேல் மரத்தில் போனவர். மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலை நகத்தால் நெம்பினார், அது அசையவில்லை. "நல்லா இருக்கு மக்களே. ஆனா கட்டு எங்க?" என்றார். நூலைக் காட்டினேன். "அது சுத்தி இருக்கு. கட்டல்லயே" என்றார்.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினார். மரங்கள் எல்லாம் ஒரே பருமன் இல்லை. நடுவில் இருப்பது தாழ்ந்து கிடக்கும், ஓரத்தில் இருப்பவை ஏறி நிற்கும், அந்தக் குழிவில்தான் ஆள் முட்டி போட்டு உட்காருவது. அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், செதுக்கிக் கூராக்கி மேல் நோக்கி வளைத்திருக்கும், அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், அகலமாக இருக்கும். அலை அடிக்கும்போது மரங்களின் இடைவெளி வழியாகத் தண்ணீர் ஏறும், அதே வழியில் இறங்கும். அதனால் இறைத்துக் கொட்ட வேண்டியதும் இல்லை, தண்ணீர் நிரம்பி முங்குவதும் இல்லை. அலையில் ஒவ்வொரு மரமும் கட்டுக்குள்ளேயே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள், இல்லாவிட்டால் நீர் குடித்துக் கனத்துவிடும். மறுநாள் விடியும் முன் மறுபடியும் கட்டு. நாற்பது வருஷம் தினம் ஒரு தடவை கட்டியவரிடம் ஒட்டின மரத்தைக் காட்டியிருக்கிறேன்.

என் கேள்விகளுக்கு வருகிறேன். அந்த அறையில் கட்டுமரம், கரையில் நின்று இழுக்கிற வலையைக் கொண்டுபோகும் கரைமடி வள்ளம், எங்கள் ஊருக்குப் பின்னால் ஓடுகிற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயில் ஒரு காலத்தில் கழுக்கோல் ஊன்றிப் போன சரக்கு வள்ளம், தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்குப் போகிற பெரிய விசைப்படகு, இவற்றின் மாதிரிகள் வேண்டும். 1741 குளச்சல் சண்டைக்கு வந்த டச்சுக் கப்பல் ஒன்றும் நடுவில் பெரிதாக வேண்டும் என்று பேரவையில் சிலர் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எந்த அளவில் செய்யச் சொல்வது? ஒட்டாமல் உண்மையாகவே கட்டி ஒரு மாதிரி செய்ய முடியுமா? வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் அப்பாவின் பழைய கட்டுமரம் இருக்கிறது, 18 அடி. ஒரு மரத்தின் நுனி மக்கிவிட்டது, கறையான் மண்ணும் ஏறியிருக்கிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது? ஒட்டின மாதிரியை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பூவார் ஆசாரி

மக்களே, நான் பூவாறு பொழிமுகத்துக்குப் பக்கம். மூன்று தலைமுறையாக வள்ளம் பணிகிற குடும்பம். வெளியில் மலையாளம், வீட்டில் தமிழ். 1980களில் ஒட்டுப்பலகை வள்ளம் இந்தக் கரைக்கு வந்தபோது அதையும் படித்துக்கொண்டு செய்தேன். அப்புறம் பைபர் வந்தது, வாய்ச்சிக்கும் இழைப்புளிக்கும் வேலை குறைந்துவிட்டது. இப்போது வயது 69. மாதிரி வள்ளங்கள்தான் செய்துகொண்டிருக்கிறேன். உன் அப்பா கேட்டது சரியான கேள்வி. அதை வைத்தே அறையைக் கட்டு.

அளவைப் பற்றி முதலில். எல்லா மாதிரியும் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் மேசைக்குப் பொருத்தமாக எல்லாவற்றையும் ஒன்றரை அடிக்குச் செய்து கொடுப்பார்கள். கட்டுமரமும் ஒன்றரை அடி, விசைப்படகும் ஒன்றரை அடி. பிள்ளை பார்த்தால் இரண்டும் ஒரே பெரிசு என்று நினைத்துக்கொள்ளும். உன் அறைக்கு இருபதில் ஒன்று சரியாக வரும். 18 அடி மரம் 27 சென்டிமீட்டர். 60 அடி விசைப்படகு 3 அடி. ஒவ்வொன்றிலும் 8 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மர ஆளை நிறுத்து. அந்த ஆள் எல்லாப் படகிலும் ஒரே உயரமாக நிற்பான், படகுதான் மாறும். எவ்வளவு சின்னதில் ஏறிக் கடலுக்குப் போனார்கள் என்பது எழுதி வைக்காமலே தெரிந்துவிடும்.

ஆனால் 27 சென்டிமீட்டரில் கட்டைக் காட்ட முடியாது. அரை அங்குலக் கயிறு அங்கே முக்கால் மில்லிமீட்டர் கூட வராது, தையல் நூல்தான். அதனால் கட்டுமரத்தை மட்டும் இரண்டு தடவை செய். ஒன்று இருபதில் ஒன்று, வரிசையில் வைக்க. இன்னொன்று ஐந்தில் ஒன்று. அது 110 சென்டிமீட்டர் வரும், கயிறு இரண்டரை மில்லிமீட்டர். அந்தப் பருமனில் தென்னை நார்க் கயிறே திரித்து வாங்கலாம். அதைக் கண்ணாடிக்குள் வைக்காதே. தாழ்வான மேசையில் வை, பிள்ளைகள் அவிழ்த்துக் கட்டட்டும்.

மரம் நான் செதுக்கித் தருகிறேன். பெரிய கட்டுமரத்துக்கு எடுத்த அதே அல்பீசியாவிலேயே செய்வேன், கனம் இல்லாத மரம், உளிக்கு இணங்கும். உன் அப்பாவின் மரத்தை அளந்து அனுப்பு. ஒவ்வொரு மரமாக, முக்கால் அடிக்கு ஓர் இடத்தில் சுற்றளவு எடுக்கணும். நூலை மரத்தைச் சுற்றிப் பிடித்து, அப்புறம் நூலை அளந்தால் போதும். எந்த மரம் எந்த இடத்தில் என்று சாக்கட்டியால் எண் போட்டுவிட்டு அளக்கணும், கலந்துபோனால் திரும்பச் சேர்ப்பது பெரிய பாடு. ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். செதுக்குவதுதான் எங்கள் கை, கட்டுவது கடலுக்குப் போகிறவர்களின் கை. நான் கட்டினால் கடைக்காரன் சுற்றியது போலத்தான் இருக்கும். கட்டு உன் அப்பாவே போடணும். அவர் கட்டும்போது கையை மட்டும் பக்கத்தில் வைத்துப் படம் பிடி, முகம் வேண்டாம். எந்த விரல் முதலில் கயிற்றுக்கு அடியில் போகிறது என்பது தெரியணும். 74 வயது என்கிறாய். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப் போடாதே.

பழைய மரத்துக்கு வருகிறேன். முதலில் தரையிலிருந்து தூக்கு. கல்லின் மேல் வைத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் தகரம் ஒன்று மடித்துப் போடு. சுவரோடு ஒட்டக் கூடாது, ஓர் ஆள் சுற்றி நடக்க இடம் விடணும். கறையான் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பத்து நாள் தினம் பார், புதிதாக மண் ஏறினால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கடலில் கிடந்த மரத்தில் உப்பு ஊறியிருக்கும். அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பல தடவை துடைத்து, நிழலில் மெதுவாக உலர்த்து. வெயிலில் போட்டால் பிளந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைத் தூரிகையால் ஏற்றினால் பூச்சிக்கு நல்லது, அதைச் செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதே. வார்னிஷ் வேண்டவே வேண்டாம். மக்கின நுனியை வெட்டாதே. அப்படியே இருக்கட்டும், தாங்குவதற்கு அடியில் ஒரு கட்டை கொடு.

பதில்: மஸ்கட்டில் ஒரு தூத்தூர்க்காரன்

அக்கா, நான் பன்னிரண்டு வருஷமாக ஓமானில் படகு வேலையில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் இங்கே அல் புஸ்தான் பக்கம் சாலை வட்டத்தின் நடுவில் நிற்கிற 'சோஹார்' என்ற கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வந்த புதிதில் ஏதோ அலங்காரத்துக்கு வைத்த பொம்மைக் கப்பல் என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இறங்கிப் பார்த்தேன். பலகைக்குப் பலகை கயிறு. ஆணி போட்டுக் கட்டின கப்பலே அல்ல.

அது உண்மையிலேயே கடலில் ஓடின கப்பல். டிம் செவரின் என்பவர் பழைய அரபுக் கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து, ஓமானில் சூர் என்ற ஊரில் கட்ட வைத்தது. 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, 1981 ஜூலையில் சீனாவின் காண்டன் துறைமுகம் சேர்ந்தது. மரம் நம் மலபார்க் கரையிலிருந்து வந்தது. தைக்கிற கை தெரிந்தவர்களை லட்சத்தீவின் அகத்தியிலிருந்து கூட்டி வந்தார்கள். பணமும் மரமும் இருந்தும், தைக்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

அதற்கப்புறமும் இதே ஓமானில் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்று ஒன்று தைத்துக் கட்டி, 2010இல் சிங்கப்பூர் வரை ஓட்டிப் போனார்கள். 9ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுப் பக்கம் மூழ்கின கப்பலைப் பார்த்துச் செய்தது. நம் நாட்டிலும் இப்போது ஒன்று இருக்கிறது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலை வைத்துக் கோவாவில் தைத்துக் கட்டின 'கௌண்டின்யா'. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். தைத்தவர்கள் கேரளத்துத் தச்சர்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கட்டுமரத்துக்கு இப்படி எங்கேயும் போய்த் தேட வேண்டாம், கட்டத் தெரிந்தவர் உங்கள் திண்ணையிலேயே இருக்கிறார். ஆசாரி அண்ணன் சொன்னபடி உடனே படம் பிடித்துவிடுங்கள்.

விசைப்படகு மாதிரி செய்யும்போது ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் படகு கொச்சியிலிருந்து கிளம்பி வாரக்கணக்கில் கடலில் தங்குவது. பனிக்கட்டி வைக்கிற அறையும், ஆட்கள் படுக்கிற இடமும் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு பக்கப் பலகையைத் திறந்து காட்டுங்கள். ஒகிப் புயல் வந்த 2017 நவம்பர் 30 அன்று படகுகள் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். ஏன் உடனே திரும்பவில்லை என்றும் கேட்பார்கள். அந்தப் படகுக்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் அதற்குப் பதில் புரியும். என் சித்தப்பா மகன் அந்தக் காற்றில் போனவன். அவன் படுத்த பலகை ஒன்றரை அடி அகலம்.

பதில்: குளச்சல் வாத்தியார்

தங்கை, டச்சுக் கப்பல் விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு எடுத்தவன். குளச்சல் வெற்றித் தூண் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

1741 ஆகஸ்ட் 10இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது பெரிய விஷயம்தான். சரணடைந்த டச்சு அதிகாரி டி லனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப் போங்கள். ஆனால் உங்கள் அறையின் நடுவில் டச்சுக் கப்பலை வைத்தால் அதுதான் நாயகன் ஆகிவிடும். மூன்று பாய்மரம், பீரங்கி வரிசை, கொடி. பிள்ளைகளின் கண் வேறு எதன் மேலும் போகாது. நம் மரம் ஓரத்தில் கிடக்கிற நாலு கட்டையாகத் தெரியும்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். டச்சுக் கம்பெனியின் பெரிய கப்பல்களில் 'ஆம்ஸ்டர்டாம்' என்று ஒன்று 1749இல் இங்கிலாந்துக் கரையில் தட்டி நின்றது. அதே மாதிரி ஒன்றை 1985 முதல் 1990 வரை கட்டி, ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு முன்னால் தண்ணீரிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நீளம் 48 மீட்டர். ஆசாரி சொன்ன இருபதில் ஒன்று என்ற கணக்கில் 2.4 மீட்டர். அதை மாதிரியாகச் செய்யாமல், உங்கள் நீளச் சுவரில் கறுப்பு நிழலாக மட்டும் வரைந்துவிடுங்கள். அதற்கு முன்னால் 27 சென்டிமீட்டர் கட்டுமரம், அதில் 8 சென்டிமீட்டர் ஆள். குளச்சல் கரையில் நின்ற மீனவர்களான முக்குவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது அப்படியே தெரியும். அன்றைக்கு வள்ளத்துத் துடுப்புகளைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கிப் படை போலக் காட்டி நின்றார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை என்று குறிப்பிட்டே அதையும் எழுதி வையுங்கள், நன்றாக இருக்கும்.

கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கடமரான் ஆயிற்று என்பதை அந்தப் பையன் கண்ணில் படுகிற இடத்தில் எழுதுங்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில்தான் அது இரட்டை அடிவயிறு உள்ள படகுக்குப் பெயராக மாறியது. பையன் வரைந்ததில் தப்பில்லை. அவன் தேடினதில் பாதி வழி மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று, பெயர்ப் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் வையுங்கள். பொழியூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

பதில்: பழவேற்காடு ஏரிக்கரை

அக்கா, நான் உங்களுக்கு நேர் எதிர் மூலை. ஆந்திர எல்லையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஏரியே பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான். தமிழில் படகு என்போம், அங்கே பேசும்போது படவ, நாவ. அளவு, கட்டு பற்றியெல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஓர் இடத்தில் பழைய படகு ஒன்றைப் பார்வைக்கு வைத்தார்கள். சிமெண்ட் மேடை கட்டி, அதில் படகை இறக்கி, சுற்றிலும் கலவை பூசி அசையாமல் ஆக்கிவிட்டார்கள். மழைத் தண்ணீர் அந்தக் கலவைக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றது. இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. மூன்றாவது வருஷம் கை வைத்தால் அடிப்பலகை கேக் போலப் பெயர்ந்து வந்தது. என் தாத்தா வேலை செய்த படகு அது. தயவுசெய்து உங்கள் அப்பாவின் மரத்தை எதிலும் பதிக்காதீர்கள். தூக்கினால் தூக்க வர வேண்டும்.

கூடவே பெண்கள் பொருளுக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். மீன் கூடை, சும்மாடு, தராசு. மரம் கரைக்கு வந்த பிறகு நடக்கிற பாதி வேலை அதில் இருக்கிறது.

பதில்: நீரோடி மகள்

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அளவு எடுத்து அனுப்பின பதினேழாவது நாள் ஆசாரி மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். சாக்குக்குள் ஐந்து குட்டி மரங்கள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். நான் எண் பார்த்துச் சொல்லும் முன்பே எது எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது மரத்தின் அடியில் ஒரு சின்னப் பள்ளம். பெரிய மரத்தில், கடலுக்கடியில் கிடக்கிற பாறையான பாரில் உரசின தழும்பு அது. ஆசாரி மாமா அதையும் விடாமல் செதுக்கியிருக்கிறார். அப்பா அதைத் தடவிக்கொண்டே எந்த வருஷம், எந்தக் கச்சான் காற்று, கூட யார் என்று சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அப்பாவோடு, பொழியூரிலிருந்து என் தாய்மாமாவும், அவர்களுடன் மரத்தில் போன இன்னொரு பெரியவரும் வந்தார்கள். கயிற்றைத் தண்ணீரில் ஊறப் போட்டார்கள், ஊறினால்தான் நார் கைக்கு இணங்குமாம். குறுக்குக் கட்டை வைத்து அணியத்துப் பக்கத்துக் கயிற்றுக் கட்டு முதலில் போட்டார்கள். அப்போதுதான் தகராறு வந்தது. அப்பா மூன்று சுற்று சுற்றி இடையில் ஏற்றி முறுக்கினார். மாமா நாலு சுற்று என்றார். எங்கள் கரையில் இப்படி, எங்கள் கரையில் அப்படி என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. நடந்தால் கால் மணி நேரம் இல்லாத இரண்டு கரை! எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பாவுக்கும் தெரியாதாம், அவர் மாமாவோடு ஒரே மரத்தில் போனதில்லை. இரண்டு விதக் கட்டும் முழுதாகப் படம் பிடித்தேன், ஆசாரி மாமா சொன்னபடி கை மட்டும். இரண்டு மொழியிலும் இரண்டு பெயர்ப் பலகை எழுதினேன்: நீரோடிக் கட்டு, பொழியூர்க் கட்டு. ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது என்று மேசையில் இருக்கும்.

அந்த மூன்று பேர் பேச்சிலிருந்து கட்டுமரம் சம்பந்தமான 62 சொற்கள் எழுதியிருக்கிறேன். அணியம், அமரம், தொளவை, பருமல் எனக்குத் தெரிந்தவை. பாதிக்கு மேல் நான் கேட்டதே இல்லை. கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலுக்குள் பார் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கணிச்சம் என்று பெயர். அதை மட்டுமே அப்பா அரை நாள் சொன்னார். அதற்குத் தனியாக ஒரு சுவர் வேண்டும், எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டச்சுக் கப்பலின் நிழலை வாத்தியார் அண்ணன் சொன்னபடியே சுவரில் வரைந்துவிட்டோம். அந்த ஓவியப் போட்டிப் பையன்தான் கறுப்பு அடித்தான். பேரவையில் பெரிய கப்பல் கேட்டவர்களே வந்து பார்த்துவிட்டு இது போதும் என்றார்கள். விசைப்படகின் மாதிரி இன்னும் தொடங்கவில்லை. தம்பி, நீ சொன்ன பலகையின் அளவு ஒன்றரை அடி என்று குறித்து வைத்திருக்கிறேன், இருபதில் ஒன்று என்றால் 2.3 சென்டிமீட்டர் வரும். ஊருக்கு வரும்போது நீயே வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்போம்.

பழைய மரத்தைக் கல்லின் மேல் தூக்கி வைத்தாயிற்று. பத்து நாளில் கறையான் மண் திரும்ப ஏறவில்லை. பழவேற்காட்டுத் தம்பி, உன் தாத்தாவின் படகு பற்றிப் படித்த அன்றே மேடை கட்டும் யோசனையைக் கைவிட்டேன். அம்மாவின் மீன் கூடையும் சும்மாடும் அலமாரிக்கு வந்துவிட்டன.

ஒட்டின மாதிரியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, பிள்ளைகள் உண்டியல் போட்ட பணம் அதில் இருக்கிறது. மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதலில் அதை எடுத்துப் பார், அப்புறம் இதைக் கட்டிப் பார் என்று சொல்கிறேன்.

இப்போது ஒரே ஒரு உதவி வேண்டும். பிள்ளைகள் ஞாயிறுதோறும் அவிழ்த்துக் கட்டுவதில் கயிறு நான்கு வாரத்தில் நைந்துவிட்டது. கடையில் கிடைக்கிற நைலான் வழுக்குகிறது, கட்டு நிற்கவில்லை. இரண்டரை மில்லிமீட்டர் பருமனில் கையால் திரித்த தென்னை நார்க் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் கிடைக்கிற இடம், குளச்சலுக்கும் விழிஞத்துக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.